பூஜைக்கு நிறுத்திய பாய்லர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பூஜை போட்டவன் என்று பஜனையில் சிரிப்பார்களே என்ற கூச்சம். ஆனால் என் மச்சினி சொல்லும் கதையில் அம்பாளே வந்து பாய்லரை மூட்டினாள் என்று கேள்விப்பட்டேன். இனி சும்மா இருக்கக் கூடாது.

பெங்களூருக்கு வேலைக்குப் போன என் மகள் கம்ப்யூட்டரை ரெட்டியார்பாளையத்து வீட்டிலேயே விட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு. சுரங்கம் தோண்டி, இரும்பை உருக்கி, தொழிற்சாலை கட்டி, கடைசியில் ராக்கெட் விடவேண்டும். லீவில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து இரண்டு வருடம் கட்டினாள். அவள் இல்லாத நாளில் நான் காவல். மூடிப்போன மில்லில் பாய்லருக்குக் கரி போட்டவன் நான். எனக்கு அது சொர்க்கம்.

அந்த ஆயுத பூஜைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பூஜையன்று காலையில் போன் செய்தாள்.

"அப்பா, ராக்கெட்டுக்குக் கொஞ்சம் பாகம்தான் பாக்கி. அரை மணி ஓடுனா போதும். நாளைக்கு ஆறு மணிக்கு வீடியோ கால் போடுறேன், நீங்க பட்டன அமுத்துங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றாள்.

சரி என்றேன். ஆனால் ஆயுத பூஜையன்று இயந்திரம் ஓடலாமா? மில்லில் அன்று பாய்லரிலிருந்து கரியை வாரிவிட்டு, கழுவி, சந்தனம் குங்குமம் வைப்போம். மகள் தொழிற்சாலைக்கு மட்டும் வேறு சாமியா? பாய்லருக்குக் கரி அள்ளிப்போடும் இயந்திரக் கைகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த கரியை எல்லாம் எடுத்தேன். ஆவி தீர்ந்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றதும் அப்படியே பதிவு செய்துவிட்டு, திரையில் பாய்லர் தெரிந்த இடத்தில் சந்தனம் வைத்தேன். மனசு நிறைந்தது.

மறுநாள் ஐந்து மணிக்குக் கைகளைத் திரும்ப மாட்டினேன். ஒன்றும் அசையவில்லை. கரி கொண்டுவரும் பெல்ட் நிறையக் கரி நிற்கிறது, பக்கத்திலேயே கை நிற்கிறது, எடுத்துப் போடமாட்டேன் என்கிறது. ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே!

சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, கும்புட்ட கும்புடுல மிஷினுங்க எல்லாம் சாமியாரா போயிடுச்சா?"

"சும்மா இரு புள்ள. வேர்த்துக் கொட்டுது."

"இந்தக் கை எதுல ஓடுது?"

"கரண்ட்ல."

"கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"பாய்லர்லேர்ந்து."

"பாய்லருக்குக் கரி யாரு போடுறது?"

"கைதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரிமாறுறவனே பசியில படுத்துக் கெடக்கான், எழுந்து வந்து போடுடான்னா எப்புடிங்க போடுவான்? மொத கரிய நீங்க அள்ளிப் போடுங்க. மில்லுல வேற இன்னாத்த கிழிச்சீங்க?"

விளையாட்டில் நமக்கென்று ஒரு சின்ன ஆள் உண்டு. அவனை ஓடவிட்டேன். பெல்ட்டிலிருந்து கரியை வாரி, அம்மா தாயே என்று சொல்லி, பாய்லரில் போட்டேன். புகை வந்தது. ஒரு கை நடுங்கியது, திரும்பியது, ஒரு துண்டுக் கரியைத் தானே எடுத்துப் போட்டது! அடுத்த கை. அதற்கடுத்தது. விளக்குகள் எரிந்தன. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். "எறங்குங்க, கால் ஒடையப் போவுது" என்று கத்திக்கொண்டே அவளும் தட்டினாள்.

கடைசிப் பாகம் விழவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏம்ப்பா மூச்சு வாங்குது? ஸ்கிரீன்ல இன்னா மஞ்சளா?"

"பாய்லருக்கு வெச்ச சந்தனம்மா."

அந்தப் பக்கம் ஆபீசே சிரித்தது. பட்டனை அழுத்தினேன். ராக்கெட் சந்தனப் பொட்டைத் தாண்டி மேலே போனது. என் மகள் அங்கே "போவுது, போவுது!" என்று குதிக்கிறாள். இங்கே என் மனைவி கற்பூரம் சுற்றுகிறாள். நான் ஓடிப்போய் வாசலில் தேங்காய் உடைத்தேன். தேங்காய்த் தண்ணீர் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் வரை தெறித்தது.

அம்பாள் கைவிடவில்லை, அது சத்தியம். ஆனால் கேள்வி கேட்டது என் மனைவி. முதல் கரி போட்டது நான். படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றும் சேர்க்காமல், சந்தனப் பொட்டைக்கூட விடாமல், நடந்தபடியே சொல்லுங்கள். என் மச்சினிக்கும்.