வாய் நிறையத் தண்ணீர்

புகுந்த வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவள் நாத்தனார். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். செல்போன் கடையில் பல வருடம் நின்று, "இங்க அமுக்குங்க, இப்படித் தள்ளுங்க" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் அது. லேசில் ஓயுமா?

அந்த ரேடியோவுக்குத்தான் இப்போது செயலி வடிவமைக்கும் வேலை மேல் ஆசை. திரையில் எது எங்கே இருந்தால் ஆட்கள் திண்டாட மாட்டார்கள் என்று யோசிக்கிற வேலை. அதற்கான படிப்பையும் முடித்துவிட்டாள். ஒரே ஒரு நிறுவனம்தான் பதில் போட்டது. செய்த வேலை ஒன்றை ஆரம்பம் முதல் முடிவு வரை கேஸ் ஸ்டடியாக எழுதி, செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் சேர்த்து அனுப்பு, பிடித்திருந்தால் கூப்பிடுகிறோம் என்றது. இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

எழுதியும் வைத்திருந்தாள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின். அதில் துவைக்க முறை போட ஒரு செயலி. தனக்கு வேண்டாத முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க மேல் மூலையில் சின்னதாக ஒரு பட்டன். அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துச் சோதித்து வீடியோவும் எடுத்திருந்தாள். 'அத்தனை பேரும் தடுமாறாமல் கண்டுபிடித்தார்கள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். காலையிலிருந்து கால் தரையில் படவில்லை.

யாராவது பாராட்டியிருந்தால் அதையும் சேர்க்கலாமே என்று வீடியோவை ஓடவிட்டாள். மாடிவீட்டு டீச்சரின் விரல் திரையில் அலைந்தது. உடனே ஒரு குரல்: "மேல பாருங்க டீச்சர்... இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அதேதான்!"

யாருடைய குரல்? சாட்சாத் இவளுடையது! தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வீடியோவிலும் அதே குரல், அதற்கடுத்ததிலும் அதே. சோதிக்கிறவர் வழி காட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கடைப் பழக்கத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசியிருக்கிறது, பாவிக்குத் தெரியவே இல்லை.

"அப்படியே அனுப்பிடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"பிரேக்கைப் பார்க்காமலே பார்த்தாச்சுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"சரி, மறுபடி சோதிச்சுப் பாரு" என்றான் அவன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து வந்த நாத்தனாரை அப்படியே பிடித்து உட்காரவைத்தாள். "உன் முறையை வேற யாருக்காவது விட்டுக்குடு, பார்ப்போம்."

"நீங்க சும்மா இருக்கணுமே அண்ணி! அது நடக்கிற காரியமா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

நாத்தனார் எங்கெங்கோ தட்டினாள். மேல் மூலைப் பக்கம் விரல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணி, எங்கதான் இருக்கு? என் முறையையேதான் அமுக்கிட்டு இருக்கேன், ஒண்ணும் வரலையே!" இவள் கன்னம் உப்ப, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் திரும்பத் திரும்ப அமுக்கியது தன் முறையைத்தான்! அடடா, விட்டுக்கொடுக்கிற வழி அங்கேதானே இருக்க வேண்டும்!

தண்ணீரை விழுங்கிவிட்டு லேப்டாப் மேல் பாய்ந்தாள். முறையைத் தொட்டால் அங்கேயே 'விட்டுக்கொடுக்கவா?' என்று கேட்கும்படி மாற்றினாள். மறுபடி வாய் நிறையத் தண்ணீர். பழைய பட்டனைப் பார்த்தே இராத எதிர்வீட்டு டிரைவரிடம் போனைக் கொடுத்தாள்; முறையை விட்டுக்கொடுக்கச் சொன்னது கணவன். ஒரே தட்டு, முடிந்தது வேலை. "இதுல என்னம்மா இருக்கு?" என்றார் அவர். இவள் அடக்க மாட்டாமல் சிரித்ததில், வாயிலிருந்த தண்ணீரெல்லாம் கணவன் சட்டையில்!

கேஸ் ஸ்டடியை அடியோடு மாற்றினாள். வீடியோவில் உளறியது, தண்ணீர், சட்டை நனைந்தது, எதையும் மறைக்கவில்லை. கெடு முடிவதற்குள் அனுப்பியும் விட்டாள்.

கூப்பிட்டார்கள்! நேர்முகத் தேர்வில் குழுத் தலைவி ஒரு போனை மேசைமேல் வைத்தார். "இது எங்க ஆப். எங்க கணக்காளர் இதைத் தொட்டதே இல்ல. அவர் பயன்படுத்தும்போது நீங்க கவனிச்சுச் சொல்லுங்க."

கணக்காளரின் விரல் அலைய ஆரம்பித்தது. இவளுக்கு நாக்கு துருதுருத்தது. "மேடம், ஒரு கிளாஸ் தண்ணி..."

தலைவி சிரித்தபடி, தயாராக வைத்திருந்த கிளாஸை இவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்காகத்தான்."

வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். கணக்காளர் தட்டத் தட்ட, பார்த்ததையெல்லாம் தாளில் கிறுக்கி நீட்டினாள். தலைவி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"திங்கட்கிழமையே வேலைக்கு வர முடியுமா?"

வாயில் இன்னும் தண்ணீர் இருந்தது. ரேடியோ தலையை மட்டும் ஆட்டினாள், கழுத்தே சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு.