ஒண்ணுமே படிக்கலடி

ப்ளஸ் டூவில் முதல் மார்க் எனக்கும் மன்னார்புரத்திலிருந்து வந்த என் தோழிக்கும் நடுவில்தான் போய் வந்துகொண்டிருந்தது. மதியம் என் புளியோதரை அவளுக்கு, அவள் அம்மா கிளறிய சேமியா எனக்கு. டெஸ்ட் அன்று மட்டும் முகத்தைப் பார்த்தே புளுகுவோம்.

"படிச்சிட்டியா?"

"ஐயோ, ஒண்ணுமே படிக்கலடி."

"நானும்தான்டி."

இருவருமே தொண்ணூறுக்கு மேல் வாங்குவோம். இதில் எங்கள் வகுப்பில் யாருக்கும் வெட்கமில்லை. நன்றாகப் படித்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்கிறவளைத்தான் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

அந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளே கெமிஸ்ட்ரி டெஸ்ட். ஏகாதசி வந்தால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். சொர்க்கவாசல் சேவிக்க வந்த உறவுக்காரர்கள் கூடம் முழுக்கப் படுத்திருந்தார்கள். என் மேஜைமேல் பெங்களூர் அத்தையின் சூட்கேஸ். மொட்டை மாடிக்குத் தப்பினால், பெரியப்பா பின்னாலேயே ஏறி வந்து, "கெமிஸ்ட்ரியா? எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தார். அவர் காலம் முடிவதற்குள் என் நாள் முடிந்துவிட்டது.

காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்கியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே படிக்கலடி. பயமா இருக்கு."

அவள் கைதட்டிச் சிரித்தாள். "அந்த 'பயமா இருக்கு' புதுசு! நல்லா இருக்குடி, அடுத்த தடவை நானும் சேத்துக்கிறேன்."

முப்பத்தொன்பது வாங்கினேன். நான் வீடு போய்ச் சேருமுன் அது பள்ளியிலிருந்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். முதல் மார்க் அவளுக்கு. துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், என் விடைத்தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு சண்டைக்கு வந்தாள்.

"ஏன்டி சொல்லல? எங்க வீட்டுக்கு வந்து படிச்சிருக்கலாம்ல?"

"சொன்னேனே!"

"அது எப்பவும் சொல்றதுதானடி! நெஜமா சொல்லியிருக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்க் போனதுகூடப் பரவாயில்லை, இவளே நம்பவில்லையே என்றுதான் வலித்தது. அதைச் சொன்னதும் அவளும் அழுதாள். முதல் மார்க் வாங்கியவள் எதற்கு அழுகிறாள் என்று வகுப்பே குழம்பியது.

அடுத்த டெஸ்டுக்கு முந்தின நாள் மன்னார்புரத்தில் அவள் வீட்டிலேயே தங்கி, இருவரும் ஒரு வரி விடாமல் படித்தோம். காலையில் சேர்ந்தே வகுப்புக்குள் நுழைந்தோம்.

"படிச்சாச்சாடி?" என்றாள் முன்பெஞ்சுக்காரி.

"ஒண்ணுமே படிக்கலடி" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.