கரிக்குள் புகுந்த கடல்

அறுபதுகளின் தொடக்கம். தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். பாம்பனில், கடலைப் பார்த்த ஒரு ரயில்வே குடியிருப்புக்கு அம்மாவோடு பெண் பார்க்கப் போயிருந்தேன்.

ஜன்னலோரம் அவளைப் பார்த்ததுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. வெயில், அலைச் சத்தம், அவள் சேலை நுனி எல்லாமே தண்ணீருக்கடியில் அசைவதுபோல மெதுவாகத் தெரிந்தன. அவளுடைய அப்பாதான் முகம் கொடுக்கவில்லை. ஆயுள் முழுக்க ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். நான் வடக்கே நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன் என்றதும் பட்டென்று சொன்னார்:

"இவ ஆத்தா கரிச்சட்டை தொவைச்சது போதும் தம்பி. இவளும் தொவைக்கணுமா?"

"நான் கரி அள்ளுறதில்லைங்கய்யா. கரிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறவன்" என்று ஒரு சிமிழைத் திறந்தேன். அம்மாவிடம் காட்டக் கொண்டுவந்திருந்த வில்லை அது. துளி கரித்தூளை, உப்பு மாதிரியான ஒரு வெள்ளைப் பொடியோடு அரைத்து அழுத்திச் செய்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். வெளிச்சத்தில் பிடித்தால் புகை படிந்த கண்ணாடி போலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதற்குள் விடுவோம் என்றேன். கரிக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடுகின்றன; ஒவ்வொரு பிடியும் தன் ஆட்டத்துக்கு ஒத்த ஒளியை விழுங்கிவிடும்; கருவியின் பேனா தாளில் இழுக்கும் கோட்டில், விழுங்கிய இடம் பள்ளமாக விழும் என்று அளந்துகொண்டே போனேன்.

வில்லை அதற்குள் கை மாறிக் கை மாறி அவரிடம் போயிருந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பால் கலந்ததுபோல மங்கிக் கிடந்தது. அட கஷ்டகாலமே! அந்தப் பொடி ஈரத்தைக் குடித்துவிடும். உப்புக்காற்றில் பிறந்து வளர்ந்த நான், காய்ந்த அறையிலேயே இருந்து இருந்து, ஊர்க்காற்றை மறந்துபோயிருந்தேன்.

"ஒண்ணுந் தெரியலையே தம்பி" என்றார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது அவள் கை நீட்டி அதை வாங்கினாள். கடல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள்.

"இப்ப இதுக்குள்ள நம்ம கடக்காத்தும் இருக்குல்ல? அதுவும் அந்தத் தாள்ல விழுமா?"

"விழும். தண்ணிக்குத்தான் பெரிய பள்ளம்."

"அப்ப பாத்துட்டு வந்து சொல்லுங்க."

'வந்து' என்றாளே! அவள் அப்பா மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "காப்பி ஆறிப்போச்சு தம்பி, சூடா வேற கொண்டாரச் சொல்றேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்த வில்லையைக் கருவியில் வைக்கப் போனபோது, கெட்டுப்போனதைத் தூக்கிப் போடு என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். நான் வைத்தேன். பேனா தாளில் மெல்ல மெல்ல இறங்கியது. கரியின் அடையாளத்தையே மறைத்துக்கொண்டு, அகலமாக, தண்ணீர். பாம்பன் ஜன்னலோரம் அவளே நிற்பதுபோல, அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நின்றேன். அடுத்த தடவை தாலியோடுதான் பாம்பன் போனேன்.

பிறகு காலமெல்லாம் ஈரம் அண்டாமல் வில்லைகளைப் பாதுகாத்திருக்கிறேன். ஆனாலும் அன்று அந்த ஒன்றையும் அப்படிப் பாதுகாத்திருந்தால் அவள் வாய் திறந்திருக்கவே மாட்டாள் என்று நினைக்கையில், இன்றும் எனக்குப் பகீரென்கிறது.