மூக்கக்காவின் மூட்டைகள்

அந்தச் சலவைக் கூடத்தில் உழைத்தவர்கள் இருபத்திரண்டு பேர், முடிவெடுத்தவள் ஒருத்தி. எந்த மெஷினில் எவ்வளவு ப்ளீச், எந்த லாட்ஜ் துணி முதலில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றுக்கும் முதலாளியான அக்காவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், இதைக்கூடவா என்னைக் கேட்க வேண்டும், தலைக்குள் என்ன களிமண்ணா என்று காய்ச்சி எடுப்பாள். கேட்காமல் செய்தாலோ வேறு வினையே வேண்டாம். மனுஷர்கள் என்னதான் செய்வார்கள்?

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு மூக்கக்கா என்று பேர். கூடம் தொடங்கிய புதிதில், பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மூட்டை விரிப்பு ஈர வாடை அடித்ததென்று, இனி உங்களிடம் துணி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக அவள் மூக்கைத் தாண்டாமல் எந்த மூட்டையும் வாசலைத் தாண்டியதில்லை. முகத்தைப் புதைத்து ஒரு இழுப்பு. திருப்தி என்றால் சீட்டில் கையெழுத்து. அப்புறம்தான் வேன் நகரும். ஒரு நாளைக்கு நூறு மூட்டை. காய்ச்சலோடு வந்து மோந்தாள். மாமனார் செத்த வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்து மோந்தாள். நாலு நாள் எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று வீட்டுக்காரர் கூப்பிட்டால், நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கூடத்தையே கவிழ்த்துவிடுவார்கள் என்பாள். அவரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பும்போது தீய்ந்த நாற்றம் தெருவரை வந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கரியாகிக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா போனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ப்ளீச் நெடி மூக்கின் உள்பக்கத்தைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாசம் சலவைக் கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. அப்படி இருந்தால் வாசனை திரும்பி வரலாம். இல்லையென்றால் போனது போனதுதான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, நாலைந்து மாசம் இருக்கும் என்று முணுமுணுத்தாள். வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். அத்தனை மாசமும் ஜலதோஷம் என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டு, வெறும் மூக்கால் மூட்டை மூட்டையாக மோந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அதற்காக நின்றாளா? மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். விஷயம் வெளியே தெரிந்தால் தன்னை எவன் மதிப்பான் என்ற பயம். மூக்கு முழுசாகப் போனாலும் போகட்டும், இந்த இடத்தை மட்டும் விட்டுத்தரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

உள்ளே நுழைந்தவள், உலர்த்தும் அறைக்குப் பின்னால் அந்தக் காட்சியைப் பார்த்தாள். மடிப்பு மேசையைக் கவனித்துக்கொள்ளும் பெண், எட்டு வருஷமாக அங்கே இருப்பவள், ஒரு மூட்டையில் முகத்தைப் புதைத்து இழுத்தாள். மூஞ்சியைச் சுளித்து அதை மறுபடி மெஷின் பக்கம் தள்ளினாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அதே வேலையாக இருந்தார்கள்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"யாருடி உங்கள மோந்து பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. போன மழையில ஒரு மூட்டை நாறிக்கிட்டே வந்துச்சு. நீங்க மோந்து பாத்துட்டு சரின்னு கையெழுத்துப் போட்டீங்க. அன்னிக்கே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அதுலேருந்து நாங்க மோந்துட்டுத்தான் உங்ககிட்ட கொண்டுவர்றோம்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னாக் கேக்கற ஆளா நீங்க?"

பிறகு அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. நன்றி கெட்டவர்கள், நாடகக்காரர்கள் என்பதெல்லாம் அதில் மரியாதையான பகுதி. மூன்று பேரும் மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவர்களைப்போல அவள் ஓயும்வரை நின்றார்கள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஐந்து மாசத்தில் ஒரு மூட்டைகூட வாடை என்று திரும்பி வரவில்லை. அவள் மூக்கு நன்றாக இருந்த காலத்திலோ மாசத்துக்கு ஒன்றிரண்டு தவறாமல் வரும். லாட்ஜ்காரன் புளுகுகிறான் என்று அவனோடு சண்டைக்குப் போவாள்.

வயிற்றெரிச்சலாக இருந்தது. இவர்களுக்கும் மோந்து பார்க்கத் தெரியும் என்று இத்தனை வருஷம் ஏன் தெரியாமல் போனது? அவள்தான் ஒருத்தரையும் தொடவிடவில்லையே.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் சீட்டை நீட்டினார். கையெழுத்துக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கறீங்க? அவகிட்ட வாங்குங்க. இனிமே அவதான்."

மடிப்பு மேசைப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எங்கே போடுவது என்று கேட்கவில்லை. வேன் போய்விட்டது. இருபத்திரண்டு பேரும் வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். அக்காவை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் தெருவுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வந்து தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். அவர் பதறிப்போய், கூடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல," என்றாள். "அதான் எரிச்சலா இருக்கு."