இஞ்ச் டேப்பில் அளந்த ஆகாயம்

டெய்லர் மகள் போன விமானம் காணாமல் போய்விட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. விசாரிக்கக் கடைக்குப் போனேன்.

வதந்தியின் ஊற்றுக்கண் அவரேதான். முப்பது வருடமாக இஞ்ச் டேப்பைத் தவிர எதையும் நம்பாத மனிதர். உலகப் படத்தில் மகள் ஏறிய ஊருக்கும் இறங்கும் ஊருக்கும் நடுவே அதை நேராகப் பிடித்து, தூரத்தை வேகத்தால் வகுத்திருக்கிறார்.

“பன்னெண்டு மணி நேரம்தான் வருதுண்ணே. பதினாலு ஆயிடுச்சு, போன் வரலை.” நூல் மூன்றாவது முறையாக ஊசிக்காதைத் தவறியது.

“சட்டை வெட்டும்போது தையலுக்குத் துணி விடுவீங்களே, விமானம் சுத்திப் போறதுக்கு விட்டீங்களா?”

“ஐயோ, விடலையே!”

“அப்புறம் என்ன? அரை மணியில கூப்பிடுவா. நான் பொறுப்பு.”

எத்தனை மணிப் பயணம் என்று எனக்கும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துச் சும்மா அடித்துவிட்டேன். நாற்பது நிமிடமாகிறது. கொடுத்த வாக்கு பாக்கி நிற்கிறது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.