தலையை நிமிர்த்தினால் கால் வலி குறையும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குப்பை போட வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக் குணா தன் காரின் பானட் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார். அவர் மனைவி மல்லிகா பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் அவர் முதுகை அழுத்திக்கொண்டிருந்தாள் – மூட மறுக்கும் சூட்கேஸை மூடப் பார்க்கிற மாதிரி.

"என்ன மல்லிகா, காலையிலேயே பழி வாங்குறியா?" என்றேன்.

"நீங்க வேறக்கா. அழுத்துன்னு இவருதான் சொல்றாரு. அழுத்துனா கத்துறாரு. விட்டா திட்டுறாரு. நான் என்னதான் செய்யறது லா?"

குணா தலையைத் தூக்காமலே பேசினார். "வலிச்சாதான்க்கா லூசாகும். நீ இன்னும் கொஞ்சம் அழுத்து."

அழுத்தினாள். கரண்ட் அடித்தது போல் குணா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அத்தோடு அன்றைய பயிற்சி முடிந்தது.

குணாவை உங்களுக்கு நேரில் தெரியாது. ஆனால் அவர் மாதிரி ஒருவரையாவது தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. மலேசியப் பக்கம் கூலாயில் வீடு. விடியும் முன் மோட்டார் சைக்கிளை எடுத்தால் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருவார். இருபது வருடங்களுக்கு மேல் இதே கதைதான். எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், இப்படிப்பட்ட அப்பாக்கள் வீதிக்கு நாலு பேர். பிள்ளைகள் எழுவதற்குள் போய்விடுவார்கள். தூங்கிய பிறகு வருவார்கள். வீடு, கார், பிள்ளையின் காலேஜ் படிப்பு... எல்லாம் அப்படி வந்ததுதான்.

குணாவின் ஒரே மகள் ஷாமினி. அவளுடைய பள்ளிப் பரிசளிப்பு விழாக்களுக்கெல்லாம் மல்லிகாவோடு போனது நான்தான். அப்பா எதற்கும் வந்ததில்லை. வரச் சொல்லி அவளும் கேட்டதில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணம். முதல் தடவையாக ஒன்று கேட்டுவிட்டாள். தாரை வார்க்கும்போது அப்பா மணவறையில் தன் பக்கத்தில், தரையில், சம்மணம் போட்டு உட்கார வேண்டும். முட்டிவலி அப்பாக்களுக்கு இப்போதெல்லாம் மணவறையிலேயே நாற்காலி போட்டுவிடுகிறார்களே, அதுவும் கூடாது.

"நாற்காலி வேணாம்பா. நாற்காலியில உட்கார்ந்தீங்கன்னா கெஸ்ட் மாதிரி இருக்கும்" என்றாளாம்.

சொன்ன பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்டவருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார். பிறகுதான் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தொடையின் பின்பக்கம் பிடித்து இழுத்தது. கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுள்ளென்றது. கொஞ்ச நேரம்கூட உட்கார முடியவில்லை.

அதன் பிறகு என்ன செய்வார்? நாம் எல்லாரும் செய்வதைத்தான். போனை எடுத்து வீடியோ பார்த்தார்.

"நரம்பு பிடிச்சிருக்கும் குணா, யார்கிட்டயாவது காட்டுங்க" என்று நான் சொன்னதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நீங்களும் பழைய ஆளுங்க மாதிரி பேசறீங்களேக்கா. நரம்பு இல்ல, மசில். ஹேம்ஸ்ட்ரிங். டைட்டா இருக்கு. இழுத்து விட்டா வழிக்கு வந்துரும்."

இழுத்தார். பானட்டில் இழுத்தார், படிக்கட்டில் இழுத்தார், கதவு நிலையில் காலை வைத்து இழுத்தார். வலி கூடக் கூட, சரியான வழியில் போகிறோம் என்ற நம்பிக்கையும் கூடியது. கல்யாணத் தேதியும் நெருங்கியது. கடைசியில் பாதத்தின் ஓரம் மரத்துப்போக ஆரம்பித்ததும் மல்லிகா அழுதே விட்டாள். மறு ஞாயிறு அவரைக் காரில் ஏற்றினோம். ஓட்டுநர் நான்.

ஒரு கடைவீட்டின் மாடியில் பிசியோதெரபி சென்டர். நிஷா என்ற பெண். ஷாமினி வயதுதான் இருக்கும். பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "எப்படி ஸ்ட்ரெட்ச் பண்ணுவீங்க அங்கிள்? செஞ்சு காட்டுங்க" என்றாள்.

குணா பெருமையோடு சொன்னார். "வீட்டுல செய்யறது கொஞ்சம்தாம்மா. மெயினா பாலத்துல, கஸ்டம் செக்கிங்ல செய்வேன். மோட்டர் லைன் நகரவே நகராது. சும்மா நிக்கிற நேரம்தானே?"

கட்டில் விளிம்பில் மோட்டாரில் உட்காருவது போல் உட்கார்ந்தார். முதுகைக் கூன் போட்டார். ஒரு காலை முன்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, கால் விரல்களைத் தன் பக்கம் மடக்கினார். விரல் மடங்குகிறதா என்று பார்க்கத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டார்.

"இப்படியே லைன் நகர்ற வரைக்கும்."

நிஷா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்படியே இருங்க அங்கிள். கால் எப்படி இருக்கு?"

"இழுக்குது. பாதம் வரைக்கும்."

"காலை அசைக்காதீங்க. முதுகும் அப்படியே இருக்கட்டும். தலையை மட்டும் நிமிர்த்துங்க."

நிமிர்த்தினார்.

"இப்ப?"

குணா தன் காலையே பார்த்தார்... பார்ப்பதற்காகக் குனிந்தார்... முகம் சுளித்தார். மறுபடியும் நிமிர்ந்தார்.

"குறையுது" என்றார், நம்பாமல். "தலைக்கும் தொடைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அதுதான் கேள்வி. தொடையின் பின்தசை இடுப்பெலும்புக்கும் முட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தலை என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. தலையைக் குனிந்தால் தொடை இழுக்கிறது, நிமிர்த்தினால் விடுகிறது என்றால், அங்கே பிடிவாதம் பிடிப்பது வேறு ஆள். மூளையில் தொடங்கி, முதுகெலும்பு வழியாக இறங்கி, கால் விரல் வரைக்கும் ஒரே தொடர்ச்சியாகப் போகிறதே – நரம்பு.

"இது நாங்க செய்யற டெஸ்ட் அங்கிள்" என்றாள் நிஷா. "நரம்புல பிரச்சினை இருக்கான்னு பார்க்க ரெண்டு மூணு செகண்ட் செய்வோம். வலி வந்ததும் விட்டுருவோம். நீங்க அதையே எக்ஸர்சைஸ்னு நெனச்சு தினமும் செஞ்சிருக்கீங்க. தலையில ஹெல்மெட் வெயிட் வேற."

"அலமாக்" என்று தலையில் கை வைத்தாள் மல்லிகா.

நம் ஆட்களுக்கு எங்கே எது வலித்தாலும் நரம்புதான். கழுத்து சுளுக்கினாலும் நரம்பு, கணுக்கால் பிசகினாலும் நரம்பு. நாலு வீடியோ பார்த்துவிட்டு நரம்பே இல்லை என்று சாதித்த ஒரே மனிதர் குணா. அவருக்குத்தான் நிஜமாகவே நரம்பு.

பிறகு நிஷா சொன்னதில் எனக்கு மண்டையில் ஏறியதைச் சொல்கிறேன். சில வாரம் இழுத்துப் பயிற்சி செய்தால் தசை ஒன்றும் நீளமாகிவிடுவதில்லையாம். மூளைதான், 'சரி, இவ்வளவு தூரம் போகட்டும்' என்று கொஞ்சம் கொஞ்சமாக அனுமதி கொடுக்கிறது. தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் வேறு ரகம். அதைப் பிடித்து இழுப்பதைவிட, நிதானமாகச் சுமை கொடுத்து வேலை வாங்கினால்தான் பலப்படும். ஆனால் நரம்பு? அதற்கு இழுவையே ஆகாது. கொஞ்ச நேரம் தாங்கும். இழுத்துப் பிடித்தே வைத்திருந்தால் அதற்குள் ஓடும் ரத்தம் குறைந்துவிடும். மரத்துப்போகும். அதற்கு வேண்டியதெல்லாம் வழுக்கிப் போய்வர இடம்.

குணாவுக்குப் புரியவில்லை. நிஷா மல்லிகாவின் பக்கம் திரும்பினாள்.

"பாவாடை நாடா மாதிரி ஆண்ட்டி. ரெண்டு முனையையும் இழுத்தா இறுகும். ஒரு முனையை விட்டுக்கொடுத்து இன்னொரு முனையை இழுத்தா?"

"வழுக்கிட்டு வந்துரும்" என்றாள் மல்லிகா. எங்கள் இருவருக்கும் அந்த நிமிடமே நரம்பியல் புரிந்துவிட்டது.

கொடுத்த பயிற்சியும் அதேதான். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டும்போது தலையை நிமிர்த்த வேண்டும். காலை மடக்கும்போது தலையைக் குனியலாம். மெதுவாக. வலிக்கக் கூடாது. அப்புறம் இடுப்புக்கு ஒன்றிரண்டு.

குணாவின் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். "வலிக்காம எப்படிம்மா சரியாவும்?"

நியாயமான சந்தேகம்தான். இருபது வருடம் வெயில், மழை, நெரிசல், தூக்கம் கெட்டது – எல்லாம் வலித்ததால்தான் வீடு வந்தது, படிப்பு வந்தது. வலிக்காமல் எதுவும் கிடைக்கும் என்று அவர் எதற்கு நம்ப வேண்டும்? இறுக்கமாக எது இருந்தாலும் பிடித்து இழுக்கத்தான் நமக்குத் தெரியும். தேநீரைக்கூட 'தே தாரிக்' என்று இழுத்து ஆற்றித்தான் குடிக்கிற நாடு இது.

இருந்தாலும் செய்தார். பாலத்தில் காலை நீட்டுவதை நிறுத்தினார். மரத்துப்போவது முதலில் நின்றது. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் உட்கார முடிந்தது. நிஷா கடைசியாக இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். மணைக்கு மேல் பாயை மடித்துப் போட்டு, இடுப்பை உயர்த்தி உட்கார வேண்டும். எந்தக் காரணத்துக்கும் தலையைக் குனியக் கூடாது.

கல்யாணம் போன வாரம் கோயில் மண்டபத்தில் நடந்தது.

நான் நிறைய கல்யாணம் பார்த்தவள். தாரை வார்க்கும் நேரத்தில் பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் எல்லாரும் ஒன்றுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பக்தி என்று நினைத்தால் நீங்கள் இன்னும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகத்தை மறைக்க அதுதான் வழி.

குணாவுக்கு அந்த வழி இல்லை.

மல்லிகா செம்பிலிருந்து நீர் ஊற்றினாள். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார் குணா. கண் நிறைந்தது. குனிய முடியாது. துடைக்கக் கை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, கன்னம் வழியாக ஓட ஓட, அழுதார். மண்டபத்தின் இரண்டு பக்கமும் பெரிய திரை வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் வரை அத்தனை பேரும் பார்த்தார்கள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்வதற்கென்ன?

ஷாமினி மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. வைத்த கண் வாங்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று வீடியோக்காரர் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்துவிட்டுக் குணாவுக்கு வெட்கம். மகளுக்குப் போன் போட்டார்.

"தாரை வார்க்கிற இடத்த மட்டும் கட் பண்ணச் சொல்லிரவாம்மா?"

"மத்ததெல்லாம் வேணும்னா கட் பண்ணச் சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.