ரீச்சரின் தாய்ப்பாசிப் போத்தில்

வெறும் போத்தில் வியாபாரிக்கு வாங்கும்போதும் ஏச்சு, விற்கும்போதும் ஏச்சு. பேரம் பேசி வயிறு வளர்த்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டையில் பொருள் தடை வந்து, மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்திலெல்லாம் விளக்கானபோது விலையும் ஏறியது, என் வாயும் ஏறியது.

தேசிக்காய்ப் பளபளப்பு

மருதனார்மடத்துப் பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சர் விளக்குக்கு வாங்கவில்லை. நகைப் பட்டறைகள் கழுவி ஊற்றும் பாதரசம் ஊர்க் குளத்தில் சேர்கிறது. அதைப் பாசி எவ்வளவு இழுக்கிறது என்று அறிய, போத்தில்களில் விதவிதமான தண்ணீரில் பாசி வளர்த்தா. நான் தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்து, கூட விலை வாங்கினேன். அடுத்த கிழமை அத்தனையும் திரும்பி வந்தது. "வாங்கின சாமானைத் திருப்ப இதென்ன இரவல் கடையோ?" என்று கத்தினேன். அவ குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி புளிச்சால் பாசி பாதரசத்தைக் கூட இழுக்கும், அண்ணை. எனக்குப் பளபளப்பு வேண்டாம், புளிப்பில்லாத போத்தில் தாங்கோ."

குளத்து மீன்

எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரில் பாசி குறைவாக இழுத்ததாம், மழைத்தண்ணீரில் கூடவாம். மாரியில் குளம் முழுக்க மழைத்தண்ணீர். பாசியை மீன் தின்னும், மீனை நாங்கள். குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் மீன் தப்பலாம், அதே பாசியை இன்னொரு மாரி வைத்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்வேன் என்றா. அதுவரை குளத்து மீன் வாங்காதேங்கோ என்று அவ சந்தையில் சொல்லப் போக, அந்தோனி கூடையை நிலத்தில் அடித்தான். கடற்படைத் தடையால் குருநகரில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, குளத்து மீன் விற்றுப் பிழைத்தவன் அவன்.

"கடலுக்கு அவங்கள் விடாங்கள், குளத்துக்கு ரீச்சர் விடா. பிள்ளையளுக்குக் கல்லையோ அவிச்சுக் குடுக்கிறது?"

பாலத்தடி

அந்த மாரிதான், ஆமி வருகிறதென்று ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ரீச்சர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, மற்றப் போத்தில்களுக்கெல்லாம் விதை எடுத்த, பாதரசம் படாத தாய்ப்பாசிப் போத்திலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தா. நாவற்குழிப் பாலத்தடியில், இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர், நடுவில் காய்ச்சலோடு விழுந்து கிடந்தான் அந்தோனி. சைக்கிளில் தண்ணீர்க் கான் கொண்டுபோனவனை மறித்து, ஒரு குவளைக்கு என் மணிக்கூட்டைக் கழற்றி நீட்டினேன். "மணிக்கூட்டைக் குடிக்கேலாது, அண்ணை" என்று சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டான்.

ரீச்சர் மடியில் கட்டியிருந்த போத்திலை அவிழ்த்தா. பிறகு மூடியைத் திறந்து, சேலைத் தலைப்பால் வடித்தா. "உதுக்குள்ளையும் பாதரசமோ?" என்றான் அந்தோனி.

"இல்லை. எங்கடை கிணத்துத் தண்ணிதான், குடியுங்கோ."

அடி தெரியுமட்டும் குடித்தான். தலைப்பில் ஒட்டிய பச்சை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"நல்ல தண்ணி, ரீச்சர். திரும்பிப் போனால் அந்தக் கிணத்தைக் காட்டுங்கோ."

அவ வெறும் போத்திலை என்னிடம் நீட்டினா. எத்தனையோ ஆயிரம் போத்தில் வாங்கிய என் வாய்க்கு, பேரம் பேச வராமல் போனது அந்த ஒன்றுக்குத்தான்.